புகையிலை ஊரின் இரு கரைகள்

டர்ஹம் நகரத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரு புகைபோக்கி. செங்கல்லில் எழுப்பியது. உச்சியிலிருந்து வெள்ளை எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி 'லக்கி ஸ்டிரைக்' என்ற சிகரெட்டின் பெயரைச் சொல்கின்றன. பக்கத்தில் அதே பெயரைத் தாங்கிய தண்ணீர்த் தொட்டி, உயரமான இரும்புக் கால்களில் நிற்கிறது. அமெரிக்கா முழுவதும் ஊதிய சிகரெட்டில் கணிசமான பங்கு வட கரோலினாவின் இந்த ஊரிலிருந்துதான் ஒரு காலத்தில் போனது. இன்று அந்தப் புகைபோக்கியில் புகை இல்லை. அடியில் புல்வெளி விரித்திருக்கிறார்கள். பிள்ளைகள் உருண்டு விளையாடுகிறார்கள். மடிக்கணினியோடு சிலர் படிக்கட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

நான் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரன். புகையிலை எனக்கு அந்நியப்பட்ட பயிர் அல்ல. 1948 முதல் எங்கள் ஊரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திண்டுக்கல் கிட்டங்கிகளைத் தாண்டிப் போகும்போது மூக்கில் ஏறும் அந்தக் காரமான நெடியோடு வளர்ந்தவன். தங்கை குடும்பம் மோரிஸ்வில்லில் இருக்கிறது. டர்ஹமிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. பக்கத்து ஊரான கேரியில் வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது, சனிக்கிழமை கூட்டம் தாங்காது. இரண்டு ஊர்களையும் டர்ஹமோடு சேர்த்துக் கட்டிவைத்திருப்பது 1959இல் தொடங்கிய ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் என்ற ஆராய்ச்சிப் பேட்டை. தங்கையின் கணவருக்கு அங்கேதான் வேலை. ஆனால் என்னை இழுத்தது பேட்டையல்ல, அந்தப் புகைபோக்கி. புகையிலையை நம்பி எழுந்த ஊர், புகையிலை போன பிறகு என்ன செய்து பிழைத்தது என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

கதை ஓர் அடிமையிடமிருந்து தொடங்குகிறது. 1839இல், டர்ஹமுக்கு வடக்கே காஸ்வெல் மாவட்டத்தில், ஏபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீஃபன் என்ற அடிமை இளைஞர் புகையிலைக் கொட்டகைக்கு இரவுக் காவல். இலையைச் சூடு காட்டிப் பதப்படுத்த மூட்டிய நெருப்பு அணையவிருந்த நேரம், அவர் கண்ணயர்ந்துவிட்டார். விழித்ததும் பதறிப்போய் அடுப்புக்கரியை அள்ளிப் போட்டிருக்கிறார். திடீரென்று ஏறிய சூட்டில் இலை பழுப்பாகாமல் பொன்மஞ்சளாக உலர்ந்தது. அந்தப் 'பிரைட் லீஃப்' புகையிலைக்குச் சந்தையில் கிடைத்த விலையில்தான் இந்த வட்டாரமே எழுந்தது. ஸ்டீஃபனின் பெயராவது நிலைத்தது. எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை.

அடுத்த திருப்பம் 1865 ஏப்ரல். உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டம். ஊருக்கு வெளியே பென்னட் குடும்பத்தின் பண்ணை வீட்டில் வடக்குப் படைத்தலைவர் ஷெர்மனும் தெற்கின் படைத்தலைவர் ஜான்ஸ்டனும் சரணடைவுப் பேச்சு நடத்துகிறார்கள். இரு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் வேலை இல்லை. ஜான் ரஃபின் கிரீன் என்பவரின் புகையிலைக் கிட்டங்கியை உடைத்து, கை கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். பிழைப்பு போயிற்று என்று அவர் தலையில் கை வைத்தார். ஆனால் வீடு திரும்பிய சிப்பாய்களிடமிருந்து கடிதங்கள் வந்தன: இன்னும் கொஞ்சம் அந்தப் புகையிலை அனுப்ப முடியுமா? ஒரு கடுகு டப்பாவில் இருந்த காளைத் தலையைப் பார்த்து கிரீன் தன் சரக்குக்குக் காளைச் சின்னம் வைத்தார் என்பது ஊர் வழக்கு. 'புல் டர்ஹம்' உலகம் சுற்றியது. டர்ஹமின் செல்லப்பெயர் இன்றும் 'புல் சிட்டி', காளை நகரம். நடு ஊரில் வெண்கலக் காளை ஒன்று நிற்கிறது, பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கிரீனுக்குப் பின்னால் வந்தது ட்யூக் குடும்பம். தகப்பன் வாஷிங்டன் ட்யூக், போரிலிருந்து திரும்பி, பண்ணையில் மிஞ்சிய புகையிலையை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்றவர். மகன் ஜேம்ஸ் 1884இல் சிகரெட் சுருட்டும் பான்சாக் இயந்திரத்தைத் தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டினார். கையால் சுருட்டுகிற தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளுக்கு 3,000 சிகரெட் சுருட்டினால் பெரிது. இயந்திரம் 1,20,000 தந்தது. 1890இல் போட்டியாளர்களை ஒன்றுசேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. 1911இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 1902இல், பிரிட்டனின் இம்பீரியல் டொபாக்கோவோடு கைகோத்து பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ உருவாகியிருந்தது. 1910இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா அந்தக் கொடியில் பூத்ததுதான். இன்றைய ஐடிசி. நம் ஊர்ப் பெட்டிக்கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் சிகரெட் பெட்டிக்கும் இந்தப் புகைபோக்கிக்கும் அப்படியொரு சொந்தம்.

1987இல் அமெரிக்கன் டொபாக்கோ, புகைபோக்கி நிற்கும் இந்த ஆலையை மூடியது. நடு ஊரில் இத்தனை பெரிய செங்கல் வளாகம் பதினைந்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. கண்ணாடிகள் உடைந்தன, கூரைகள் ஒழுகின. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருக்கலாம், அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நடந்தது அதுதான். இங்கே பக்கத்து ராலேயைச் சேர்ந்த கேப்பிட்டல் பிராட்காஸ்டிங் என்ற ஒளிபரப்பு நிறுவனம் அதை எடுத்துச் செப்பனிட்டது. 2004இல் முதல் கட்டம் திறந்தது.

நான் அங்கே நின்ற சாயங்காலத்தை மறக்க மாட்டேன். வளாகத்தின் நடுவே, நீளவாக்கில், ஒரு நீரோடையை வெட்டி விட்டிருக்கிறார்கள். தண்ணீர் சின்னச் சின்னப் படிகளில் விழுந்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் நாலைந்து மாடி ஆலைச் சுவர்கள். பழைய இரும்புத் தூண்களை, சுமை ஏற்றிய மேடைகளை, மாடிக்கு மாடி போன பாலங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். வரிச்சலுகை அதற்கு ஒரு காரணம். பழமைவாய்ந்த கட்டடம் என்று பதிவானதை விதிப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதம் மத்திய அரசின் வரியில் கழிகிறது. மாநிலமும் தன் பங்குக்குத் தருகிறது. ஆனால் சன்னல் மரத்தின் அகலத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வண்டி நிறுத்தும் அடுக்குக் கட்டடங்களுக்கு நகராட்சியும் மாவட்டமும் பணம் போட்டன. தனியார் துணிச்சலும் பொதுப்பணமும் சேர்ந்துதான் இந்த அழகு வந்தது. நல்ல காரியம் அது, சந்தேகமே இல்லை. செங்கல்லை மதிக்கத் தெரிந்த ஒரு ஊரைப் பார்த்தேன் என்று தங்கையிடம் சொன்னேன்.

சாலைக்கு அப்பால் 1995இல் கட்டிய பேஸ்பால் மைதானம். டர்ஹம் புல்ஸ் அணியின் சொந்த மைதானம். இடது மூலையில் சுவருக்கு மேலே ஒரு பெரிய காளைப் பலகை. உள்ளூர் ஆட்டக்காரர் பந்தை எல்லைக்கு வெளியே அடித்துவிட்டால் காளையின் கண் சிவக்கிறது, வால் ஆடுகிறது, மூக்கிலிருந்து புகை கிளம்புகிறது. ஒரு முறை அப்படி நடந்தது. பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தியபோது நானும் எழுந்து கத்தினேன். அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் பிரைட்லீஃப் ஸ்குவேர். 1904 வாக்கில் கட்டிய இரண்டு புகையிலைக் கிட்டங்கிகள், 1981இலேயே கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறியவை. டர்ஹமில் மறுபயன்பாடு தொடங்கியது இங்கேதான். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். மேல்விளிம்பில் செங்கற்கள் ஒன்றைவிட ஒன்று ஓர் அங்குலம் வெளியே தள்ளி, படிப்படியாக நீண்டு, பல்வரிசை கட்டியிருக்கின்றன. கூரைக்கு மேல் நீண்டிருக்கும் தடித்த தூண்களைப் புகைபோக்கி என்றுதான் நினைப்போம். அவை காற்றுப்போக்கிகள். புகையிலை உள்ளே ஓரிரு ஆண்டு கிடந்து வேர்த்துப் பக்குவப்பட வேண்டும், அதற்குக் காற்று வந்து போக வேண்டும். வெறும் சரக்கு கிடக்கும் இடத்துக்குக் கொத்தனார் இத்தனை அலங்காரம் செய்திருக்கிறார். விரலை வைத்துத் தடவினால் சுண்ணாம்புச் சாந்தின் கோடு இன்னும் கூர்மையாக இருக்கிறது. நம் ஊரில் நெல் மண்டிகளுக்கு இப்படி ஒருவர் கட்டியிருந்தால் நாம் இடித்திருப்போமா என்று யோசித்தேன். இடித்திருப்போம். காரைக்குடிப் பக்கம் வீடுகளின் தூணும் கதவும் பிரித்து விற்பனைக்குப் போனதைப் பார்த்தவன் நான்.

பக்கத்திலேயே கிரெக்சன் தெருவில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. உயரம் குறைவு. எச்சரிக்கை விளக்கை மதிக்காமல் வந்த லாரிகளின் கூரையை உரித்து உரித்தே இணையத்தில் பேர்போன பாலம். 2019இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் வந்து முட்டுகிறார்களாம்.

எல்லாக் கட்டடமும் தப்பவில்லை. புகையிலை ஏலம் நடந்த மண்டிகளில் கடைசியாக நின்றது லிபர்ட்டி வேர்ஹவுஸ். 1938இல் கட்டியது. ஏலக்காரர் மூச்சு விடாமல் விலை கூவிக்கொண்டே வரிசையில் நடக்க, வியாபாரிகள் கண் சிமிட்டி விலை ஏற்றுவார்கள். 2011 மழையில் கூரை சரிந்தது. 2014இல் இடித்தார்கள். அதே இடத்தில் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். சிகரெட் தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமான லிகெட்டும் 2000ஐ ஒட்டி ஊரைவிட்டுப் போய்விட்டது. அவர்களுடைய கிட்டங்கிகளில் குடியிருப்புகளும் ஆய்வகங்களும் வந்துவிட்டன. புகையிலையில் சம்பாதித்த பணத்தில் எழுந்த ட்யூக் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும்தான் இன்று ஊருக்குச் சோறு போடுகின்றன. ஜேம்ஸ் ட்யூக் 1924இல் 4 கோடி டாலர் அறக்கட்டளையாக எழுதி வைத்தார். அது வரை ட்ரினிட்டி கல்லூரியாக இருந்தது அவர் குடும்பப் பெயரை ஏற்றது. இப்போது 'மருத்துவ நகரம்' என்று தன்னை அழைத்துக்கொள்கிறது டர்ஹம்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் விரைவுச் சாலைக்கு இந்தப் பக்கம். மைதானத்திலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் 147ஆம் எண் விரைவுச் சாலை குறுக்கே போகிறது. கீழே பள்ளத்தில் வண்டிகள் சீறிப் பாய்கின்றன. மேம்பாலத்தில் நடைபாதை உண்டு. ஆனால் நடப்பவர் நானும் தங்கையும் மட்டும்தான். "அண்ணா, இந்தப் பக்கம் யாரும் நடக்க மாட்டாங்க, கார்ல போயிடலாம்" என்றாள். நடந்தே போவோம் என்றேன். அந்தப் பக்கம் இருப்பது ஹேட்டி.

ஹைட்டி நாட்டின் பெயரைத்தான் ஊர்க்காரர்கள் இப்படிச் சொன்னார்கள். அடிமைத்தளையை அறுத்துக்கொண்ட முதல் கறுப்பினக் குடியரசின் பெயர். போருக்குப் பிறகு விடுதலை பெற்ற மக்கள் நகரத்தின் தென்கிழக்குப் பக்கத்தில் குடியேறி எழுப்பிய ஊர் இது. புகையிலை ஆலைகளில் வேலை நிற வாரியாகப் பிரிந்திருந்தது. இயந்திரத்தில் சிகரெட் ஓட்டும் வேலை வெள்ளையருக்கு. இலையைப் பிரித்துக் காம்பு கிள்ளும் வேலை, தூசியும் வெக்கையும் நிறைந்தது, கறுப்பினப் பெண்களுக்கு. அந்தப் பெண்கள் வாங்கிவந்த வாரக்கூலி ஹேட்டியில் சுற்றிச் சுற்றிச் செலவானது. மளிகைக் கடை, தையல் கடை, மருந்துக் கடை, சினிமாக் கொட்டகை, ஓட்டல் எல்லாம் அவர்கள் ஆட்களுடையவை. 1901இல் லிங்கன் மருத்துவமனை வந்தது. 1910இல் தொடங்கிய கல்விக்கூடம் இன்று நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம்.

நடு ஊரின் பாரிஷ் தெருவில் இன்னொரு அதிசயம். ஜான் மெரிக், அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்தும் கடைக்காரர். வாஷிங்டன் ட்யூக்கே அவருடைய வாடிக்கையாளர். அவரும் மருத்துவர் ஏரன் மூரும் வேறு சிலரும் சேர்ந்து 1898இல் தொடங்கியது நார்த் கரோலினா மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனம். கொஞ்ச நாளில் சி.சி. ஸ்பால்டிங் மேலாளராக வந்தார். வாரம் சில காசு கட்டினால் சாவுச் செலவுக்குப் பணம். ஏழைகளின் சில்லறையிலிருந்து நாட்டின் மிகப்பெரிய கறுப்பினத் தொழில் நிறுவனங்களில் ஒன்றை எழுப்பினார்கள். 1908இல் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கி கதவைத் திறந்தது. 1910இல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வந்து பார்த்துப் போனார். இன்னொரு கறுப்பினத் தலைவரான டுபாய்ஸ் 1912இல் இந்த ஊரைப் பற்றி எழுதினார். இரண்டு பேருக்கும் ஆகாது, ஆனாலும் டர்ஹமைப் பாராட்டுவதில் இருவரும் ஒன்று. பாரிஷ் தெருவுக்குக் 'கறுப்பு வால் ஸ்ட்ரீட்' என்று பெயர் வந்தது.

இப்போது ஹேட்டியில் போய் நின்றால் என்ன தெரிகிறது? ஒரு தேவாலயம். செயிண்ட் ஜோசப்ஸ், 1891இல் கட்டியது. இப்போது ஹேட்டி ஹெரிட்டேஜ் சென்டர். உள்ளே போனோம். தலைக்கு மேல், கூரை முழுவதும், அச்சு அழுத்திய தகரத் தகடுகள் பூவேலையோடு விரிகின்றன. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் ஒன்றில் வாஷிங்டன் ட்யூக்கின் முகம். ஆலைக்குச் சொந்தக்காரரின் படத்தை, ஆலையில் காம்பு கிள்ளியவர்கள் தொழுத இடத்தில் வைத்திருக்கிறார்கள். நன்கொடைக்கு நன்றி. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். கோபுர உச்சியில் இரும்பில் வார்த்த ஒரு குறி. சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்டி மக்களின் தெய்வ வழிபாட்டுக் கோலம் ஒன்றை ஒத்தது. கட்டியவர்கள் தாங்கள் யார் என்பதை மேகத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தேவாலயத்தைச் சுற்றி இருந்த தெருக்கள் இல்லை.

1949இன் வீட்டுவசதிச் சட்டம், சீரழிந்த பகுதி என்று நகரம் அறிவிக்கும் இடத்தை வாங்கி இடிக்க மத்திய அரசின் பணத்துக்கு வழி செய்தது. 1958இல் டர்ஹமில் அதற்கு ஓர் ஆணையம் வந்தது. ஹேட்டியில் மோசமான வீடுகள் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. வாடகை வீடுகள், தார் பார்க்காத தெருக்கள். நகராட்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே குறைவு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கை நம்பி, 1962இன் வாக்கெடுப்பில் கறுப்பினத் தலைவர்களும் வாக்காளர்களும் ஆதரித்தார்கள். எனக்கு மனம் ஆறாதது இந்த இடம்தான். ஏமாற்றம் வெளியிலிருந்து வந்து விழவில்லை, அவர்கள் நம்பிக்கையின் வழியாகவே வந்தது. விரைவுச் சாலை ஹேட்டியின் நடுவே போனது. 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஏறத்தாழ 500 கடைகள் டர்ஹமில் இடம்பெயர்ந்தன. கடைக்காரர்கள் சிலருக்குத் தகரக் கொட்டகைகள் தந்தார்கள். மக்கள் அதைத் 'தகர நகரம்' என்றார்கள். வாக்களித்தபடி ஹேட்டி திரும்பக் கட்டப்படவே இல்லை.

1960 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் பேசியது ஹேட்டியின் ஒயிட் ராக் தேவாலயத்தில். சாப்பாட்டுக் கடை மறியல்கள் கிரீன்ஸ்பரோவில் வெடித்திருந்த நேரம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1957இல், ராயல் ஐஸ்கிரீம் கடையில் வெள்ளையர் பகுதியில் டர்ஹமின் கறுப்பின இளைஞர்கள் உட்கார்ந்து கைதாகியிருந்தார்கள். கிங் பேசிய ஒயிட் ராக் தேவாலயமும் பின்னர் சாலைக்காகப் போயிற்று. இடிக்காமல் மிஞ்சிய ஆலையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, இடிந்த தேவாலயத்தின் இடத்தைத் தேடுவது கஷ்டமாக இருந்தது. காலி ஆலைக்கு ஒரே உரிமையாளர். பொறுத்திருந்து, பேரம் பேசி, வரிச்சலுகை வாங்கி மீட்க முடிந்தது. ஹேட்டிக்கு நூற்றுக்கணக்கான சின்ன உரிமையாளர்கள், ஆயிரக்கணக்கான வாடகைதாரர்கள். யாருக்கும் தனித்தனியாகப் பேரம் பேசும் பலம் இல்லை. செங்கல்லின் தரத்தைவிட, பத்திரம் யார் கையில் எத்தனை துண்டாக இருந்தது என்பதே எது நிற்கும், எது விழும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

அது முடிந்த கதை என்று நினைத்துத் திரும்பவில்லை. 1990இல் சுமார் 1,36,000 பேர் இருந்த நகரம், 2020 கணக்கெடுப்பில் 2,83,000ஐத் தாண்டிவிட்டது. நடு ஊரில் எங்கே பார்த்தாலும் கிரேன். கிழக்கு டர்ஹமின் பழைய மரவீட்டுத் தெருக்களில் நடந்தால் மாற்றத்தைப் படிக்கலாம். ஒரு வீடு, சாயம் உரிந்தது, திண்ணையில் இரண்டு நாற்காலி. அடுத்தது கறுப்புச் சாயம் பூசி, சாம்பல் நிறக் கதவு மாட்டி, வாசலில் எண்ணை நவீன எழுத்தில் ஒட்டியது. அதற்கடுத்தது வெறும் மனை, பலகை நட்டிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா தங்கையிடம் பேச்சுக் கொடுத்தார். வீட்டை விற்கிறாயா என்று கேட்டு வரும் தபால் அட்டைகளை ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம். கையால் எழுதியது மாதிரி அச்சடித்தவை. தொலைபேசியிலும் வருகிறார்கள். விற்க மாட்டேன் என்கிறார். சொத்து வரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார்.

தங்கைக்கு அந்தக் கேள்வி சங்கடத்தைத் தந்தது. காரணம் எனக்குத் தெரியும். அவளும் கணவரும் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பட்டியலில் அதே வட்டாரத்து வீடு ஒன்று இருந்தது. புதுப்பித்தது, மோரிஸ்வில்லைவிட மலிவு, ஆராய்ச்சிப் பேட்டைக்கு நேர் வழி. காரில் ஏறியதும் கேட்டாள்.

"நாங்க வாங்கலைன்னா வேற யாராவது வாங்கத்தானே போறாங்க, அண்ணா?"

"வாங்குவாங்க."

"அப்புறம் நான் விட்டுக்கொடுத்து என்ன ஆகப்போகுது?"

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வேலை தேடிக் கடல் கடந்து, வாடகையிலேயே வருடங்களைக் கழித்தவள். நிழலுக்கு ஒரு கூரை வேண்டும் என்று அவள் கேட்பதில் தப்பு எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பாட்டியம்மாவின் வரி ஏறுவது அவள் மாதிரி நல்லவர்கள் தரும் நியாயமான விலையால்தான்.

டர்ஹம் மக்கள் இதை உட்கார்ந்து பேசாமலில்லை. 2019 நவம்பரில், எளியவர் வீட்டுவசதிக்காக 9.5 கோடி டாலர் கடன்பத்திரத்தை வாக்களித்து ஏற்றார்கள். வரியாக அதைத் தங்கள் பையிலிருந்தே திருப்பிக் கட்ட வேண்டும் என்று தெரிந்தே ஏற்றார்கள். அதைவிட என்னைக் கவர்ந்தது பழைய ஏற்பாடு ஒன்று. 1987இல், அதாவது ஆலை மூடிய அதே வருடம், வெஸ்ட் எண்ட் பகுதியில் அக்கம்பக்கத்தார் தொடங்கியது டர்ஹம் கம்யூனிட்டி லேண்ட் ட்ரஸ்டீஸ். இந்த மாதிரி நில அறக்கட்டளையில் மனை எப்போதும் அறக்கட்டளையின் பெயரில். அதன்மேல் நிற்கும் வீடு மட்டும் குடியிருப்பவருக்கு. மனைக்கு நீண்ட குத்தகை, பெரும்பாலும் 99 ஆண்டு. மனையின் விலை கணக்கில் வராததால் கூலிக்காரர் வாங்க முடிகிறது. விற்கும்போது கொஞ்சம் இலாபம் உண்டு, முழு ஏற்றமும் கிடையாது. அடுத்து வருகிறவரும் கூலிக்காரராகவே இருப்பார். பத்திரத்தை ஒரே கையில் வைத்து ஆலையைக் காப்பாற்றிய அதே தந்திரத்தை, ஏழைகள் தங்களுக்காகச் செய்துகொள்கிறார்கள். ஹேட்டிக்கு 1962இல் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வெஸ்ட் எண்டில் அப்படிப்பட்ட சில வீடுகளைப் பார்த்தோம். வேறுபடுத்திக் காட்ட எதுவுமே இல்லை. முன்னால் மிதிவண்டி, கொடியில் துணி, சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை. அங்கே வீடு கிடைக்க என்ன தகுதி என்று தங்கை விசாரித்தாள். அவர்கள் வருமானத்துக்கு அந்த வரிசையில் இடம் இல்லை, இருக்கவும் கூடாது என்று அவளே சொன்னாள். இரவு கணவரோடு வெகுநேரம் பேசினாள். மறுநாள் கிழக்கு டர்ஹம் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். கேரியில் கொஞ்சம் சிறியதாக, கொஞ்சம் விலை கூடுதலாகப் பார்க்கிறார்கள்.

அந்த வீடு நான் ஊர் திரும்புவதற்குள் விற்றுப்போய்விட்டது. கேட்ட விலைக்கும் மேலே கொடுத்து யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்று தங்கை சொன்னாள்.